கண்ட மாத்திரத்தில் தீர்ப்பு



பௌர்ணமிதோறும் நாம் ஒன்றுகூடி மும்மணிகளைச் சரணடைகிறோம், பஞ்சசீலத்தை ஏற்கிறோம். கொல்லோம், களவாடோம், ஒழுக்கம் தவறோம், பொய் பகரோம், மதுவுண்ணோம் என வாயாரக் கூறுகிறோம். வீடு திரும்பிய பின் இவ்வைந்தனுள் எதனை அடிக்கடி மீறுகிறோம் என நம்மையே வினவிக்கொண்டால், நான்காவதே என்று பெரும்பாலோர் விடை கூறுவர். அந்தப் பொய்யிலும் ஒரு வகை உண்டு. ஒருவனைக் கண்ட மாத்திரத்தில் இவன் இத்தகையவன் என முடிவு கட்டுகிறோம். ஒரு செய்தியைக் கேட்ட மாத்திரத்தில் இஃது உண்மையென நம்புகிறோம். நம்பியதை நாலுபேரிடம் சொல்லுகிறோம். பொய்யென்று அறிந்து சொல்லவில்லையே, சீலம் எங்ஙனம் முறியும் என்று சிலர் வாதிக்கலாம். அறியாது சொன்னவனுக்கு அந்தச் சமாதானம் பொருந்தும். விசாரித்து அறியக்கூடியதை விசாரியாமல் சொன்னவனுக்கு அது பொருந்துமா? அதைப் பற்றியே இன்று சில சொற்கள் கூற விழைகிறோம்.

தம்மத்தில் இக்குற்றத்தின் வேருக்கு விபல்லாசம் என்று பெயர். உள்ளதைத் தலைகீழாகக் கொள்ளுதல் என்பது அதன் பொருள். நிலையற்றதை நிலையுள்ளதென்றும், துன்பத்தை இன்பமென்றும், தானல்லாததைத் தானென்றும், அழகற்றதை அழகென்றும் மாந்தர் கொள்ளுகின்றனர் என்று பகவான் போதித்தார். இப்பிறழ்வு மூன்று படிகளில் வளர்கிறது. முதலில் புலனுணர்ச்சி பிறழ்கிறது. பின்னர்ச் சிந்தனை பிறழ்கிறது. இறுதியில் கொள்கையே பிறழ்ந்துவிடுகிறது. கொல்லையில் நிறுத்திய வைக்கோற் பொம்மையை மனிதனென எண்ணி மிரளும் மான்குட்டியை ஆசிரியர்கள் முதற்படிக்கு உவமை காட்டுவர். மான்குட்டி மிரண்டு ஓடுவதோடு அதன் பிழை முடிந்துவிடும். மனிதன் அங்ஙனம் ஓடுவதோடு நில்லான். அப்பொம்மையைப் பற்றிக் கதை கட்டுவான். அக்கதையைத் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பான். கண்ணில் தோன்றிய பிழை கொள்கையாய் முதிர்வது இவ்வாறே.

இதனைத் தெளிய ஓர் அரசனின் வரலாறு நமக்கு உதவும். கோசல நாட்டை ஆண்ட பசேனதி மன்னன் பகவானைப் பலமுறை கண்டவன், கேட்டவன். அவனுக்கு வாய்த்த பாடங்களுள் மூன்றை இங்கு எடுத்துக்கொள்வோம்.

முதற்பாடம், சிறியதென்று எதனையும் இகழாமை. மன்னன் முதன்முதல் பகவானைக் கண்டபோது ஓர் ஐயம் எழுப்பினான். பூரண கஸ்ஸபர், மக்கலி கோசாலர் முதலிய முதிய ஆசிரியர் அறுவர் இருக்கின்றனர். அவர்களே தாம் முழுஞானம் பெற்றவரெனக் கூறத் துணியவில்லை. வயதிலும் துறவிலும் இளையவரான கௌதமர் எங்ஙனம் கூறலாம் என்பது அவன் ஐயம். இளமை என்ற ஒன்றைக் கொண்டே அவன் அளந்தான். பகவான் சினந்தாரில்லை. இளைது, சிறிது என்று இகழத்தகாதவை நான்கு உள என்றார்: அரச குலத்து இளைஞன், பாம்பு, நெருப்பு, துறவி. சிறு பாம்பும் தீண்டினால் உயிர் போகும்; சிறு பொறியும் விறகு கிடைத்தால் காட்டை எரிக்கும். மன்னன் தெளிந்து சரணடைந்தான்.

இப்பாடத்தின் உண்மையைக் கோலார் தங்கவயலில் வாழ்ந்த நம்மவர் தம் உடம்பிலேயே கண்டனர். 1880-இல் தொடங்கி 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்ட அச்சுரங்கங்களில் தமிழ்நாட்டிலிருந்து சென்ற நம் மூதாதையர் மூன்று தலைமுறைக்கு மேல் உழைத்தனர். சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் உடையது. அத்தகைய ஆழத்தில் மேலிருந்து அழுத்தும் பாறையின் பாரத்தால் சுவர்ப்பாறை திடீரென வெடித்துச் சிதறும். அவ்வோசை ஊர் முழுதும் கேட்கும், நிலம் அதிரும், சுரங்கத்தின் வாயிலில் பெண்டிர் ஓடிவந்து நிற்பர். அந்தப் பாறை வெடிப்புக்கு எல்லாரும் அஞ்சினர். அஞ்சியது முற்றும் தகும்.

ஆனால் ஓசையின்றி வந்த மற்றொரு பகை இருந்தது. பொன்னைத் தாங்கிய வெண்கல்லைத் துளைக்கும்போதும் உடைக்கும்போதும் எழுந்த நுண்ணிய தூசியே அது. கண்ணுக்குப் புலப்படும் தூசியைவிடப் புலப்படாத தூசியே நுரையீரலின் உட்பகுதிவரை செல்லும். அங்கே தழும்பு உண்டாக்கும். பத்து ஆண்டு, இருபது ஆண்டு கடந்த பின்னரே பெரும்பாலும் மூச்சு வாங்கத் தொடங்கும். பிறகு காசநோயும் எளிதில் பற்றும். சிலிக்கோசிஸ் எனப்படும் அந்நோயைத் தடுக்கலாம். வந்தபின் குணப்படுத்தும் மருந்து இன்றளவும் இல்லை. துளையிடுமுன் கல்லை நனைத்தலும், காற்றோட்டம் அமைத்தலும், மூக்கையும் வாயையும் தக்க கவசத்தால் காத்தலுமே வழி. வெடிப்புக்கு அஞ்சியவன் தூசிக்கு அஞ்சினானா? அதனை ஒரு பொருட்டாகவே எண்ணாதோர் பலர். உரக்க ஒலிப்பதே பேராபத்து, ஓசையற்றது ஆபத்தன்று என்று மனம் கணக்கிடுகிறது. கள்ளும் கடனும் இல்லத்தைக் கரைப்பதும் இவ்வாறே. ஒருநாளில் வீழ்ந்த வீட்டைப் பற்றி ஊர் பேசும். நாள்தோறும் கரையும் வீட்டை யாரும் கவனியார்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. ஜாதகக் கதைகளுள் முயலின் கதை நம் குழந்தைகளும் அறிந்ததே. வில்வ மரமும் பனையும் செறிந்த காட்டில் ஒரு முயல் படுத்திருந்தது. உலகம் அழிந்தால் நம் கதி யாது என்று அது எண்ணிய கணத்தில், பழுத்த வில்வக் காயொன்று பனையோலைமேல் விழுந்தது. உலகம் உடைகிறதென்று முயல் ஓட்டமெடுத்தது. அதைக் கண்டு மற்ற முயல்கள் ஓடின. மான், பன்றி, எருமை, புலி, யானை எனக் காடே பின்தொடர்ந்தது. அந்நாளில் சிங்கமாய்ப் பிறந்திருந்த போதிசத்துவர் அவற்றின்முன் நின்று மும்முறை கர்ச்சித்துத் தடுத்தார். உலகம் உடைவதைக் கண்டவர் யார் என்று வினவினார். யானைகள் சிங்கங்களுக்குத் தெரியும் என்றன. சிங்கங்கள் புலிகளைக் காட்டின. ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டிக் கடைசியில் முயலிடம் வந்து சேர்ந்தது கேள்வி. முயலைத் தம் முதுகில் ஏற்றிக்கொண்டு அவ்விடத்துக்கே சென்று, கீழே கிடந்த வில்வக் காயைக் கண்டு மீண்டார் போதிசத்துவர். அவர் வினவாதிருந்தால் அவ்விலங்குகளெல்லாம் கடலில் வீழ்ந்து மாண்டிருக்கும்.

இது விலங்குகளின் கதையென்று நகைப்போமா? 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் பிள்ளை பிடிப்போர் ஊருக்குள் வந்துவிட்டனர் என்ற செய்தி கைப்பேசி வழியே ஆயிரமாயிரம் பேருக்குப் பரவிற்று. திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்னையிலிருந்து உறவினரோடு வந்த ஒரு மூதாட்டி, வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அன்பினால் நீட்டிய கை அங்கே கடத்தற்காரியின் கையாகத் தோன்றிற்று. கூட்டம் திரண்டு அடித்தது, மூதாட்டி மாண்டார், உடன் வந்தோர் படுகாயமுற்றனர். அதே மாதத்தில் பெங்களூரில், பிழைப்புக்காக இராஜஸ்தானத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர் இதே வதந்தியால் அடித்துக் கொல்லப்பட்டார். அடித்தவருள் எத்தனை பேர் பிள்ளை பிடித்ததைக் கண்டனர்? ஒருவருமில்லை. கண்டவர் யார் என்று கேட்க அங்கே ஒரு சிங்கம் இல்லாமற் போயிற்று. தம் பிள்ளைகளைக் காப்பதாக எண்ணியே அவர்கள் அடித்தனர் என்பதை நாம் மறக்கலாகாது. தீய எண்ணம் இல்லாமலே முதற்சீலம் முறிந்துபோகும் இடம் இது.

தூசிக்கு அஞ்சாமையும் வதந்திக்கு அஞ்சுதலும் வேறு வேறு பிழைகளாகத் தோன்றினும், இரண்டுக்கும் வேர் ஒன்றே. ஆபத்தை அதன் அளவால் அளவாமல் அதன் ஓசையால் அளக்கிறோம்.

இனி மன்னன் பெற்ற இரண்டாம் பாடத்துக்கு வருவோம். சாவத்தி நகரில், விசாகை கட்டுவித்த பூர்வாராமத்தின் வாயிற்புறத்தே ஒரு மாலைப்பொழுதில் பகவான் வீற்றிருந்தார். மன்னனும் அருகில் இருந்தான். அப்போது சடை முடித்தோர் எழுவர், நிகண்டர் எழுவர், ஆடையற்றோர் எழுவர், ஒற்றையாடையினர் எழுவர், பரிவிராஜகர் எழுவர், நீண்ட நகமும் வளர்ந்த உரோமமும் உடையராய்க் காவடி சுமந்து அவ்வழியே சென்றனர். மன்னன் எழுந்தான், மேலாடையை ஒரு தோளில் ஒதுக்கினான், வலமுழந்தாளை நிலத்தில் ஊன்றிக் கைகூப்பி, தான் கோசல மன்னன் பசேனதி என்று மும்முறை பெயர் கூறி வணங்கினான். அவர்கள் சென்றபின், உலகில் அருகத்தரும் அருகத்து நிலைக்கு வழிப்பட்டோரும் எவரோ அவருள் இவர்களும் உளரோ என்று பகவானை வினவினான்.

பகவான் ஆம் என்றாரில்லை, இல்லை என்றாருமில்லை. இல்லறத்தில் மக்களோடும் செல்வத்தோடும் வாழும் ஒருவனுக்கு அதனை அறிதல் அரிது என்றார். பின்னர் மனிதரை அறியும் வழிகள் நான்கினை எடுத்துரைத்தார். ஒருவனுடைய சீலத்தை உடன் வாழ்ந்து அறிய வேண்டும். அவனுடைய நேர்மையைக் கொடுக்கல் வாங்கலில் அறிய வேண்டும். அவனுடைய உறுதியை ஆபத்துக் காலத்தில் அறிய வேண்டும். அவனுடைய அறிவை உரையாடலில் அறிய வேண்டும். இந்நான்கும் நெடுங்காலத்தில் விளங்குமேயன்றிச் சிறுபொழுதில் விளங்கா. கவனிப்போனுக்கு விளங்குமேயன்றிக் கவனியாதோனுக்கு விளங்கா.

மன்னன் வியந்து உண்மையைக் கூறினான். சென்றவர் துறவிகளல்லர்; நாட்டின் நிலையை உளவறிந்து மீளும் அவனுடைய ஒற்றர்கள். சற்று நேரத்தில் புழுதியைக் கழுவி, நீராடி, வாசனை பூசி, வெள்ளாடை உடுத்து இன்பம் துய்க்கப் போகிறவர்கள்!

அன்பர்களே, இங்கு நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பகவான் அவர்களைப் போலித் துறவிகள் என்று இகழ்ந்திருந்தாலும் அவ்வார்த்தை உண்மையாய் முடிந்திருக்கும். ஆயினும் அவர் இகழவில்லை. வேடத்தைக் கண்டு போற்றுதல் எவ்வளவு பிழையோ, வேடத்தைக் கண்டு தூற்றுதலும் அவ்வளவே பிழை என்பதனை அவர் மௌனமாய்க் காட்டினார். தீர்ப்பு சரியாக அமைந்தாலும், அளவுகோல் தவறாயின் அது குருட்டு வாய்ப்பேயாகும்.

நான்கு வழிகளும் நம் வாழ்வுக்கு எவ்வளவு ஏற்றவை என்பதைப் பாருங்கள். ஒருநாள் விருந்தாளியாய் வந்தவனின் இனிய பேச்சைக் கேட்டுப் பெண் கொடுக்க இசைகிறோம். அவனோடு வாழ்ந்தவரைக் கேட்கிறோமா? தனித்திருக்கையில் ஒருவிதமாயும் பலர்முன் வேறுவிதமாயும் கணக்குப் பேசுகிறவன் நேர்மையற்றவன் என்பது கொடுக்கல் வாங்கலில் வெளிப்படும். உறவினரை இழந்தபோதும், பொருள் கரைந்தபோதும், நோய் வந்தபோதும் ஒருவன் நிற்கும் நிலையே அவனுடைய உறுதி. உரையாடலைப் பற்றிக் கூறுமிடத்துப் பகவான் அழகிய உவமை ஒன்று சொன்னார். குளக்கரையில் நிற்பவன் மீன் மேலெழும்போது உண்டாகும் அலையைக் கொண்டு அது பெரிதோ சிறிதோ என அறிவான். அவ்வாறே ஒருவன் வினா எழுப்பும் முறையிலும் விடை கூறும் முறையிலும் அவன் அறிவின் அளவு தெரியும் என்பது அவ்வுவமை. அலையைக் காணும்வரை கரையில் நிற்கப் பொறுமை வேண்டும்.

மூன்றாம் பாடம் கடினமானது. அங்குலிமாலன் என்னும் கொலைஞனைப் பிடிக்க ஐந்நூறு குதிரை வீரரோடு புறப்பட்ட மன்னன் வழியில் ஜேதவனம் வந்து பகவானை வணங்கினான். அங்குலிமாலன் தலைமழித்துக் காவியுடுத்துச் சீலத்தில் ஒழுகுவதைக் காண்பாயாயின் என் செய்வாய் எனப் பகவான் வினவினார். வணங்குவேன், ஆடையும் உணவும் அளிப்பேன். ஆனால் அத்தகையவனுக்குச் சீலம் ஏது என்றான் மன்னன். பகவான் வலக்கையை நீட்டி, அருகில் அமர்ந்திருந்த பிக்குவைக் காட்டினார். மன்னனுக்கு மயிர் சிலிர்த்தது. அச்சம் தெளிந்து, தான் சொன்னபடியே அவருக்கு வேண்டுவன அளிக்க முன்வந்தான். ஊரார் அங்ஙனம் தெளியவில்லை. பிச்சைக்குச் சென்ற அங்குலிமாலரைக் கல்லாலும் தடியாலும் அடித்தனர். உடைந்த பாத்திரத்தோடும் இரத்தம் வழியும் தலையோடும் அவர் திரும்பினார். மாறிய மனிதனை மாறாத பெயரால் அளந்தனர் அவ்வூரார்.

பிறப்பால் அளக்கும் அளவுகோலைப் பற்றி நமக்குப் பிறர் சொல்ல வேண்டுவதில்லை. வேள்வித்தீ வளர்த்த அக்கிக பாரத்துவாசன் என்னும் அந்தணன், பிச்சைக்கு வந்த பகவானையே இழிகுலத்தான் என விளித்து அங்கேயே நில் என்றான். இழிவு பிறப்பால் வருவதன்று, செயலால் வருவது என்று பகவான் அவனுக்கு விளக்கினார். இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகள் கழிந்தும் அளவுகோல் மாறவில்லை. கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்று 1917-இல் பரோடா சமஸ்தானப் பணிக்குச் சென்ற பாபாசாகேப் அம்பேத்கருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சிகளின் சத்திரமொன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடியேந்திய பன்னிருவர் வந்து அவரை வெளியேற்றினர். நண்பர் வீடுகளிலும் இடமின்றி, புகைவண்டி புறப்படும் வரை அவர் பூங்காவொன்றில் காத்திருந்தார். அவருடைய சீலத்தை உடன் வாழ்ந்து அறிந்தாரா அப்பன்னிருவர்? உரையாடி அவருடைய அறிவை அளந்தாரா? ஒரு சொல்லைக் கேட்டனர், அதுவே போதுமாயிற்று. 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் இலட்சக்கணக்கானோர் அவரோடு சரணடைந்தபோது அந்த அளவுகோலையே முறித்தெறிந்தனர்.

முறித்தெறிந்தோம் என்று நாமும் பெருமை பேசுகிறோம். ஆயினும் வெட்கத்தோடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் வைசாகப் பௌர்ணமி விழாவுக்கு நம் சங்கத்தில் திரட்டிய தொகையில் 4,200 ரூபாய் குறைந்தது. விளக்கேற்றும் பணியைச் செய்துவந்த இளைஞன் ஒருவனிடம் மண்டபத்தின் சாவி இருந்தது. அவன் தந்தை குடியால் கெட்டவர்; அவன் குடியிருந்த தெருவும் நற்பெயர் பெற்றதன்று. நிர்வாகத்தினர் நால்வர் கூடினோம். அவனைத் திருடன் என்று எவரும் வாய்திறந்து சொல்லவில்லை. சாவியை இனி வேறொருவர் வைத்துக்கொள்ளட்டும் என்று மட்டும் முடிவு செய்து, அதனை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டோம். அவன் நம் முகங்களை ஒருமுறை பார்த்தான். அடுத்த பௌர்ணமி முதல் வரவில்லை. அவன் வராததையே சான்றாகவும் கொண்டோம்.

ஐந்து திங்கள் கழித்து, ஓத வேண்டிய சூத்திரத்தைத் தேடிப் புத்தகத்தைப் புரட்டியபோது பக்க அடையாளமாக வைத்த தாள் ஒன்று விழுந்தது. பந்தற்காரருக்கு முன்பணம் கொடுத்ததற்கான 4,200 ரூபாய் ரசீது அது. கொடுத்தது நம் கை. வைத்து மறந்ததும் நம் கை.

அன்று மாலையே நால்வரும் அவன் வீட்டுக்குச் சென்றோம். அவன் தாயார் பாய் விரித்தார், தண்ணீர் கொடுத்தார். நடந்ததைக் கூறி மன்னிப்புக் கேட்டோம். அவன் சினந்து பேசவில்லை. “ஐயா, அன்றைக்கே என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றான். அவ்வளவே. அதற்கு நம்மிடம் விடையில்லை. இன்று அவன் பௌர்ணமிக்கு வருகிறான். கடைசி வரிசையில் அமர்கிறான். சாவியை மீண்டும் கொடுத்தபோது வேண்டாம் என்று கூறிவிட்டான். நாம் வற்புறுத்தவில்லை. பறித்த நம்பிக்கை ஒரு மன்னிப்பால் மீளாது. அவனும் நம்மை நெடுங்காலம் பழகி அறியவேண்டுமல்லவா?

தெருவைக் கொண்டும் தந்தையைக் கொண்டும் அவனை அளந்தோம். நம்மை அளந்தவர் கைக்கொண்ட கோல் வேறு, நாம் கைக்கொண்ட கோல் வேறு என்று எங்ஙனம் சொல்வது? முறித்த கோலின் ஒரு துண்டு நம் கையிலும் இருந்தது.

ஆகவே எல்லாரையும் கண்மூடி நம்புங்கள் என்று நாம் கூறவில்லை. ஒற்றர்களைத் துறவிகள் என்று பகவான் சொன்னாரில்லை. பெட்டிக்குப் பூட்டு இருக்கட்டும். கணக்குக்கு ரசீது இருக்கட்டும். இருவர் கையொப்பம் இருக்கட்டும். எச்சரிக்கை எல்லார்க்கும் பொதுவாயின் எவர்க்கும் இழிவில்லை. ஒருவனை மட்டும் குறித்து, அவனைக் கேளாமல் செய்யும் எச்சரிக்கையே தீர்ப்பாகிவிடுகிறது.

இப்பௌர்ணமி முதல் மூன்றனைக் கைக்கொள்வோம். எச்செய்தி வரினும், கண்டவர் யார் என்று கேட்போம். கண்டவர் இல்லையேல் அது நம்மோடு நிற்கட்டும். எவர்மீது ஐயம் எழினும், பிறரிடம் பேசுமுன் அவரிடமே ஒரு வார்த்தை கேட்போம். எவரைப் பற்றியும் முடிவு கூறுமுன், உடன் வாழ்ந்தோமா, கொண்டும் கொடுத்தும் பழகினோமா, அவர் துன்பத்தில் அருகிருந்தோமா, மனம்விட்டு உரையாடினோமா என நம்மையே வினவுவோம். இந்நான்கில் ஒன்றும் செய்திலோமாயின், அவரை நாம் இன்னும் அறியோம் என்பதே உண்மை. அவ்வுண்மையைச் சொல்லுதலும் நான்காம் சீலத்தைக் காத்தலே.

அனைவர்க்கும் நற்காட்சி உண்டாகுக! நாம் அறியாமல் புண்படுத்தியோர் மனப்புண் ஆறுக!

சாது! சாது! சாது!